கேட்காமல் வந்த பதவி

அம்ப்ரோஸ் ஹெர்கரை ஊர்த் தலைவராகத் தேர்ந்தெடுத்த அன்று அவர் ஊரிலேயே இல்லை. பாசல் நகரக் கண்காட்சியில், தன் தொழிற்சாலையில் செய்த ஜன்னல்களை விற்றுக்கொண்டிருந்தார். ஊரி என்ற எங்கள் மலை மாநிலத்தின் சட்டப்படி, ஊர்க்கூட்டம் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அவர் இரண்டு வருஷத்துக்குப் பதவியை ஏற்றே ஆக வேண்டும்.

பெயரை முன்மொழிந்தவள் விடுதிக்காரி கிரெசென்ஸ். ஊர்சபைக்கு ஒரு ஆணி அடிக்கவே மூன்று வருஷம் ஆகும் என்று அவளுடைய விடுதியில் உட்கார்ந்து அவர் சொல்லாத சனிக்கிழமை இல்லை. நான் சபை எழுத்தர் என்பதால், தொலைபேசியில் அவருக்குச் செய்தி சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

"யாரு என் பேரைச் சொன்னது?" என்றார். சொன்னேன்.

"இனிமே அவ காப்பியைக் குடிக்க மாட்டேன்."

ஊர் திரும்பிய அன்றே போய்க் குடித்தார்.

விலகல் கடிதம் எழுதிப் பார்த்தார். மாநில அலுவலகம் இரண்டே வரியில் மறுத்தது. சரி, செய்வதைச் சுருக்காகச் செய்வோம் என்று இறங்கினார். ஓடையின் நடைபாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பதவியேற்ற மூன்றாம் வாரமே, யாரையும் கேட்காமல், தன் ஆட்களை வைத்துப் புதுப் பாலத்துக்கு மரம் அறுத்து முடித்தார். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூடிய ஊர்க்கூட்டத்தில் அதைப் பெருமையாக அறிவித்தார். நூறு பேரில் அறுபத்தொரு பேர் எதிராகக் கை தூக்கினார்கள்.

"பாலம் வேணாம்னா சொல்றீங்க?"

"பாலம் வேணும் அம்ப்ரோஸ்," என்றாள் கிரெசென்ஸ். "உன் ஃபாக்டரியில போடற மாதிரி எங்களுக்கும் உத்தரவு போட்டே பாரு, அதுதான் வேணாம்."

அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கூட்டத்தைக் கடைசிவரை நடத்தினார். மரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, அந்தக் குளிர்காலம் முழுக்க வீடு வீடாகப் போனார். குறிப்பேட்டோடு நானும் போனேன். அவர் பாலத்துக்குக் குறித்திருந்த இடத்தில் ஒவ்வொரு வருஷமும் மார்ச்சில் பனிச்சரிவு இறங்கும் என்று அக்கரைப் பண்ணைக்காரர்கள் காட்டினார்கள். இருநூறு மீட்டர் கீழே போட்டால் பிள்ளைகள் நேரே பள்ளிக்கு வந்துவிடலாம்.

வசந்தத்தில் மறுபடி கூட்டம் கூடியது. எல்லாரும் மன்னிப்பை எதிர்பார்த்தார்கள்.

"பாலத்துல ஒரு தப்பும் இல்ல, இடம்தான் தப்பு," என்றார் அவர். "நீங்க சொன்னீங்க, மாத்திட்டேன்."

கூடம் சிரித்தது. நான்கு பேர் தவிர அத்தனை பேரும் கை தூக்கினார்கள்.

இரண்டு வருஷம் முடிந்ததும் சட்டம் அவரை விடுவித்தது. ஆனால் யாரும் பெயர் சொல்லும் முன் அவரே எழுந்து, தொழிற்சாலையை மகள் வெரேனா பார்த்துக்கொள்வாள், எனக்கு இந்த வேலை பிடித்துவிட்டது என்றார். இன்னும் பத்து வருஷம் தலைவராக இருந்துவிட்டு மாநில சட்டசபைக்குப் போனார். எந்தச் சாலை, எந்த அணை பற்றிப் பேச்சு வந்தாலும், அந்த இடத்துக்கு யாராவது போய்ப் பார்த்தீர்களா என்பார். பாதி நாள் யாரும் போயிருக்க மாட்டார்கள். அவர் போயிருப்பார்.