பத்து மணிக் கல்லூரி

கல்லூரி ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்தபோது 'முன் அனுபவம்' என்ற இடத்தை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. உள்ளதை எழுதிவிட்டேன்: பட்டாசுக் கம்பெனி, செக்கிங் செக்‌ஷன், இரண்டு ஆண்டுகள். பி.காம். முடித்த பிறகு, எம்.காம். சேர்வதற்கு முன்னால், சிவகாசி பக்கம் நாரணாபுரத்தில் பார்த்த வேலை அது.

கல்லூரி விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில், கரிசல் காட்டுக்குள் இருந்தது. கத்தோலிக்கத் துறவிகள் நடத்துவது. ஆனால் படிக்க வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் என்னைப் போல இந்து வீட்டுப் பிள்ளைகள். வெடி, தீப்பெட்டி, அச்சகம் என்று ஏதோ ஒரு கம்பெனி வேனில் ஏறிப் போகும் தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள். முதல்வர் ஒரு பாதிரியார், கடற்கரை ஊர்க்காரர். நேர்காணலில் என் விண்ணப்பத்தை இரண்டு முறை வாசித்தார்.

"செக்கிங்னா தரம் பாக்கறதா?"

"ஆமா ஃபாதர்."

"எப்பவாவது தப்பா எழுதிக் குடுத்திருக்கீங்களா?"

"இல்ல ஃபாதர். வெடிக்காததை வெடிச்சதுன்னு எழுத முடியாது. பக்கத்துல நிக்கிற எல்லாருக்கும் கேட்டுரும்."

வணிகவியல் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்.

நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், கல்லூரியின் தரத்தை மதிப்பிட வெளி மாநிலத்திலிருந்து ஒரு குழு வரப்போவதாகக் கடிதம் வந்தது. அதற்காகத் தர உறுதிப் பிரிவு ஒன்று தொடங்க வேண்டும், அதற்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும். ஆசிரியர் கூட்டத்தில் ஃபாதர் இதைச் சொன்னதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான்.

"நம்மள்ல ஒருத்தருக்குத்தான் தரத்துல நேரடி அனுபவம் இருக்கு" என்று ஃபாதர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"ஃபாதர், அது வெடி" என்றேன்.

"தரம்னா தரம்தான்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்கு விளையாட்டுக்குச் சொல்லவே தெரியாது. வேதியியல் துறைத் தலைவர் மட்டும் எழுந்து, "வெடி ஏன் வெடிக்குதுன்னு இருபது வருஷமா நான் பாடம் நடத்துறேன், என்னைக் கேக்கல" என்றார். "உங்களுக்கு ஏன் வெடிக்குதுன்னு தெரியும். வெடிக்குமா வெடிக்காதான்னு இவங்களுக்குத் தெரியும்" என்று ஃபாதர் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அவர் என்னோடு பல மாதம் பேசவில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்போதும் கம்பெனியில் திரி அடுக்கிக்கொண்டிருந்தாள். "அங்கனயும் செக்கிங்தானா?" என்றாள். "அதுக்கு எதுக்கு அம்புட்டுப் படிச்ச?"

மறுநாள் ஃபாதர் என்னை அழைத்து, கம்பெனியில் எப்படித் தரம் பார்ப்போம் என்று விவரமாகக் கேட்டார். ஒவ்வொரு லோடிலிருந்தும் ஐந்து உருப்படி எடுப்போம், பொட்டலில் வைத்து போர்மேன் பற்றவைப்பார், நான் நோட்டில் எழுதுவேன், ஐந்தும் வெடித்தால் சரக்கு போகும், இரண்டு நமுத்துப்போயிருந்தால் மொத்தத்தையும் திரும்ப வெயிலில் காயப்போடுவோம் என்றேன். அவர் ஒன்று விடாமல் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் முறை அமலுக்கு வந்தது. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் குலுக்கல் போட்டு ஐந்து பேர். கல்லூரியின் பணிநோக்கம் என்ன என்று ஃபாதர் கேட்பார், நான் எழுதிக்கொள்வேன். அந்தப் பணிநோக்கம் வாசலில் சலவைக்கல்லில் வெட்டியிருந்தது: 'இறையன்பிலும் அறிவிலும் வளர்ந்து, வறியோரின் விடியலுக்காகத் தம்மையே வழங்கும் முழு மனிதரை உருவாக்குதல்.' தினமும் அதைக் கடந்துதான் எல்லோரும் உள்ளே வந்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. முதலாண்டு மாணவி ஒருத்தி, 'முழு மனிதர்' என்று நான் எடுத்துக் கொடுத்ததும், "அரை மனுசரும் இருக்காகளா ஃபாதர்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள். ஃபாதர் அதே அக்கறையோடு, "நம்மள்ல பல பேர் அப்படித்தாம்மா" என்றார். இதை வெடித்ததாக எழுதுவதா, நமுத்ததாக எழுதுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

தேறாத வகுப்புகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் திறந்தவெளியில் பணிநோக்க வகுப்பு. விளையாட்டு மைதானத்தில் நிழல் கிடையாது. மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள். "செகண்ட் பி.காம்.மைக் காயப்போட்டுருக்காக" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நாளடைவில் ஆசிரியர்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஃபாதரே என்னிடம், "வேதியியல் இன்னும் காயல போலிருக்கே" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருநாள் துணிந்து அவர் அறைக்குப் போய், மனப்பாடம் செய்து ஒப்பிப்பதா தரம் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"டிகிரி மட்டும் குடுக்கறதா இருந்தா நாம எதுக்கு டீச்சர்? அதுக்கு எத்தனையோ காலேஜ் இருக்கு. எங்க சபை இந்தக் காட்டுக்குள்ள வந்தது வேற ஒண்ணுக்காக. அந்த வேற ஒண்ணு என்னன்னு இந்தப் பிள்ளைகளாவது சொல்லணும்ல? எனக்கே சில நாள் மறந்துபோகுது."

அன்று மாலையும் நோட்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

குழு வந்தது. மூன்று பேர், மூவருக்கும் தமிழ் தெரியாது. வாசலில் ரோஜா கொடுத்தோம், சந்தனம் வைத்தோம், கோப்புகளைக் காட்டினோம். மதியம் மாணவர்களோடு தனியாகப் பேச வேண்டும் என்றார்கள். எங்கள் குலுக்கல் முறை அவர்களுக்குப் பிடித்துப்போய், அதே பெட்டியில் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார்கள். மூன்றாமாண்டு பி.காம். மாணவி, என் வகுப்புத்தான். மூன்று முறை காய்ந்தவள். ஃபாதர் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். நான் நோட்டோடு ஓரத்தில் நின்றேன்.

குழுத் தலைவர் கேட்டார்: இந்தக் கல்லூரியின் பணிநோக்கம் என்ன?

அவள் எழுந்து ஒரே மூச்சில் 'வறியோரின்' வரை வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் உதட்டை அசைத்துக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"சார், ஒரு சந்தேகம். வறியோர்னு போட்டுருக்கது எங்களைத்தான்னு நெனைக்கேன். நாங்க படிச்சு வறியோருக்கு விடியல் குடுக்கணும்னா, நாங்க எங்கிட்டுப் போய் யாருக்குக் குடுக்க? எங்க தெருவுக்கேதான் திரும்பிப் போகணும்."

ஃபாதர் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூவர்தான். ஆனால் அவர் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போது அவர் காது சிவந்தது. குழுத் தலைவர் பேனாவைத் திறந்தார். அப்படியானால் கல்லூரி உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"பத்து மணிக்குத் தொறக்கணும் சார்."

"எதைம்மா?" என்றார் ஃபாதர்.

"காலேஜை. அம்மாவுக்குக் கம்பெனி வேன் ஏழு மணிக்கு வந்துரும். கொளாயில தண்ணி எட்டரைக்குத்தான் விடுதாக. பிடிச்சு வச்சுட்டு பஸ் ஏறுனா ஒம்பதே முக்கால் ஆயிருது. ஒம்பது மணி முத அவர்ல தெனமும் ஆப்சென்ட். எனக்கு மட்டுமில்ல, எங்க ஊர்ப் பிள்ளைக அம்புட்டுப் பேருக்கும்." கொஞ்சம் தயங்கி, என் பக்கம் கையைக் காட்டிச் சேர்த்தாள்: "முத அவர் மிஸ்தான் எடுக்காக."

மூன்று வெளி மாநிலத்தவர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கையில் இருந்த நோட்டின் பின்பக்கத்தில்தான் அவள் பெயருக்கு நேராக வரிசையாக ஆப்சென்ட் போட்டிருந்தேன். இரண்டு வருடம் வெடியைச் சோதித்தவள், ஒரு பெண் ஏன் தினமும் முக்கால் மணி நேரம் தாமதமாக வருகிறாள் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. தலை குனிந்து நின்றேன்.

ஃபாதர் அதையும் மொழிபெயர்த்தார். முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே, ஆங்கிலத்தில் "அப்படியே செய்கிறோம்" என்றார். அதைக் குழுத் தலைவர் எப்படி விளங்கிக்கொண்டார் என்பது ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தபோது தெரிந்தது.

நல்ல தரம் கொடுத்திருந்தார்கள். பாராட்டத்தக்க நடைமுறைகள் என்ற தலைப்பில் இரண்டு. ஒன்று, திறந்தவெளி விழுமியக் கல்வி. இரண்டு, வறியோர்பால் கொண்ட சமய அர்ப்பணிப்பின் வெளிப்பாடாக இக்கல்லூரி நெடுங்காலமாகக் காலை பத்து மணிக்குத்தான் திறக்கப்படுகிறது என்பது.

நாங்கள் அதுவரை ஒருநாள்கூடப் பத்து மணிக்குத் திறந்ததில்லை. பேருந்து நேரம், பல்கலைக்கழக அனுமதி என்று இழுத்துக்கொண்டிருந்தோம். அறிக்கையை வாசித்த ஃபாதர், "எழுத்துல வந்துருச்சு. இனி பொய்யாக்க முடியாது" என்றார். வரும் திங்கள் முதல் பத்து மணி. வேதியியல் துறைத் தலைவர் என்னோடு மறுபடி பேச ஆரம்பித்ததே அப்போதுதான். அவருக்குக் காலையில் நடக்கப் போக நேரம் கிடைத்துவிட்டது. திறந்தவெளி வகுப்பும் அறிக்கையில் இருந்ததால் நிறுத்த முடியவில்லை. மாலை ஐந்தரைக்கு மேல், வெயில் இறங்கியபின் மாற்றினோம். அந்தப் பெண் முதல் வகுப்புக்கு எல்லா நாளும் வந்தாள். என்னிடம் எப்போதும்போலத்தான் பேசினாள். நான்தான் அவளுக்கு வருகைப் பதிவு போடும்போதெல்லாம் கொஞ்சம் அழுத்தி எழுதினேன்.

மறு வருடம், வேறொரு மறைமாவட்டத்துக் கத்தோலிக்கக் கல்லூரியிலிருந்து நான்கு அருட்சகோதரிகளும் ஒரு பாதிரியாரும் எங்கள் தர முறையைப் படித்துப்போக வந்தார்கள். பத்து மணிக்கு வரச் சொல்லியும் கேளாமல் எட்டே முக்காலுக்கே வந்துவிட்டார்கள். நான் போனபோது காவலாளி அவர்களை ஒவ்வொரு வகுப்பறையாகத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். ஆள் இல்லாத பெஞ்சுகள், துடைத்த கரும்பலகை.

"பத்து மணிக்கு முன்னால ஒரு பிள்ளைகூட இல்ல. இதைத்தான் பாக்க வந்தோம்" என்றார் மூத்த சகோதரி, குரலைத் தாழ்த்தி, கோயிலுக்குள் பேசுவதுபோல. உடன் வந்த பாதிரியார் காலி வகுப்பறையை நான்கு கோணத்தில் படம் பிடித்தார். பிறகு என்னை வாசலில் நிற்கச் சொல்லி ஒன்று.