இனாம் இல்லை

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் மோர்டென்ஸ்ருட் நகர்ப்பகுதியில் வரிப் படிவங்களை நிரப்ப உதவச் சென்றிருந்தபோது ஓர் அக்காவைச் சந்தித்தேன். முதியோர் இல்லப் பணியாளர் சீருடையில் வந்திருந்தார். நரைத்த கட்டைத் தலைமயிர். பேசும்போதெல்லாம் மேசையைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“தம்பி, மின்சாரக் கார் வாங்கினனான். இப்ப வரிக்காசு திரும்பி வருகுது. காருக்கு அரசாங்கம் தந்த இனாம் எண்டு அண்ணா பகிடி பண்ணுறார். உண்மையோ?”

“இல்லை அக்கா. காருக்கான வரிச்சலுகை வாங்கேக்கையே விலையிலை கிடைச்சிட்டுது. இது உங்கட சம்பளத்திலை கூடப் பிடிச்ச வரி.”

ஏமாற்றமடைவார் என்று நினைத்தேன். அவரோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப இது நான் உழைச்ச காசு!”

அங்கேயே அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்து, அதையே சத்தமாகச் சொன்னார்.

அதைவிடப் பெரிய தொகை கிடைத்தவர்களையும் அன்று பார்த்தேன். அத்தனை பெருமிதத்தோடு வெளியே போனவர் அவர் ஒருவர்தான்.