காவேரியில் முளைத்த தாமரை

வேதவதிக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினாலு வருஷத்தில் புருஷனின் அண்ணா ராஜகோபாலனோடு அவள் நேரில் ஒரு வார்த்தை பேசினதில்லை. சண்டையெல்லாம் ஒன்றுமில்லை, மரியாதை. ஸ்ரீரங்கத்தில் அப்போதெல்லாம் மாட்டுப்பெண் மூத்த மைத்துனரிடம் பேசமாட்டாள். அவருக்கு மோர் வேண்டுமானால் கூடத்துத் தூணைப் பார்த்து "மோர்" என்பார், மோர் வரும். "போதும்" என்பதையும் தூணிடமே சொல்லுவார். அந்தத் தூண் மட்டும் இல்லாவிட்டால் கீழச் சித்திரை வீதியில் அந்த வீட்டு நிர்வாகம் என்றைக்கோ நின்று போயிருக்கும்.

இப்பேர்ப்பட்ட இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். அவர் எழுத்து, அவள் படம்.

வேதவதியின் படங்களுக்கு அதுவரை இருந்த ஒரே இடம் அடுப்படிச் சுவர். கரித்துண்டால் யாரையாவது வரைவாள்; காலடிச் சத்தம் கேட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். ராஜகோபாலனின் மூக்கை மட்டும் குறைந்தது நூறு தடவை வரைந்து துடைத்திருப்பாள். அந்தச் சுவரைச் சுரண்டிப் பார்த்தால் குடும்பத்தின் சரித்திரமே அடுக்கடுக்காக வரும்.

புத்தகத்துக்குக் காரணம் 1937-ஆம் வருஷத்து ஆடிப் பதினெட்டு. பள்ளிக்கூடத்துக்கு லீவு. மேட்டூர்த் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மண்டபத்துக் கூட்டத்துக்குப் பயந்து, கொஞ்சம் கிழக்கே உள்ள சின்னப் படித்துறைக்குச் சித்ரான்ன மூட்டையோடு குடும்பமே போயிற்று. வேதவதியின் ஒன்பது வயசுப் பெண் சத்யபாமா மூன்றாவது படியில் கால் வைத்தாள். மூன்றாவது படி பாசி. அதற்குக் கீழே படியே கிடையாது. பள்ளம், பள்ளத்தில் சுழல். எல்லாரும் புளியோதரையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த, வீட்டுக்கு வெளுக்கிற மாரியாயி பார்த்தாள். இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்து, பின்னலைப் பிடித்து இழுத்து, பெண்ணைக் கரையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பாமாவுக்கு இன்னொரு தடவை தலைக்குக் குளிப்பாட்டினார்கள். மாரியாயி தொட்டுவிட்டாளாம். மறுநாள் பெருமாளுக்கு அக்காரவடிசல் தளிகை ஆயிற்று. மாரியாயிக்கு ஒரு பழைய புடவை. ஒரு வாரத்துக்குள், "பெருமாள் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்" என்று கதை நிலைத்துவிட்டது. மாரியாயி அந்தக் கதையில் முதலில் ஓரத்துக்குப் போனாள். அப்புறம் கதையை விட்டே போனாள்.

ராஜகோபாலன் கலெக்டர் ஆபீசில் முப்பது வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கினவர். எதற்கும் ஒரு உத்தரவு போட்டால்தான் அவருக்கு மனசு ஆறும். "லீவு நாளில் குழந்தைகள் க்ஷேமமாக இருப்பதற்கு ஒரு சித்திரப் புத்தகம் வரவேணும்" என்று தூணிடம் சொன்னார். 'விடுமுறை க்ஷேம விளக்கம்' என்று பெயரும் வைத்தார். படத்துக்கு, அடுப்படிச் சுவரைப் பார்த்திருந்த புருஷன் வேதவதியின் பெயரைச் சொன்னான். முகப்பில் குடையோடு பெருமாள், அடுத்து முன்னுரை, அப்புறம் பன்னிரண்டு பக்கம், பன்னிரண்டு ஆபத்து. பட்டம், பட்டாசு, மாமரம், ரயில் ஜன்னல், ஏகாதசிக் கூட்டம் என்று ஒவ்வொன்றாக வந்து, பதினோராம் பக்கத்தில் படித்துறை. வேதவதிக்கு மற்ற பதினொன்றைப் பற்றிக் கவலையில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் பென்சிலை எடுத்தாள். மூன்றாவது படி, அடியில் சுழல், பாதி முங்கின குழந்தை, வளையல் போட்ட ஒரு கை, கையில் பின்னல். கண்ணை மூடினால் தினமும் தெரிகிற படம். வரைய அரை மணி கூட ஆகவில்லை.

புத்தகம் ஆபீஸ் ஃபைல் மாதிரியே நடந்தது. ஒவ்வொரு பக்கமும் சிவப்பு நாடா கட்டி உறவுக்காரர்களிடம் சுற்றும். படித்தவர்கள் ஓரத்தில் "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேதவதியின் புருஷன் வரது பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா. அவன் பார்க்காமலே "பார்த்தேன்" போட்டுவிடுவான். திருச்சியில் தெப்பக்குளத்துப் பக்கம் குடியிருந்த செண்பகவல்லி, வரதுவுக்கு அக்கா, அப்படியில்லை. எதை எப்போது சொன்னால் அச்சானியம் என்பதில் அவளுக்கு மிஞ்சி திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் ஆள் கிடையாது. விளக்கை அணை என்று சொல்லமாட்டாள், பெரிதாக்கு என்பாள். அரிசி தீர்ந்துபோனால், நிறைந்திருக்கு என்பாள். கடைக்குப் போகிறவனுக்குத்தான் குழப்பம்.

"குழந்தைகள் புஸ்தகத்திலே விழுந்தான், சுட்டுண்டான், முழுகினான்னு அச்சுப் போடறதாவது?" என்றாள் முதல் ஃபைலைப் பார்த்ததும். "அச்சிலே ஏறினது பலிக்கும். எங்காத்துக் குழந்தைகள் பேரை வேறே போட்டிருக்கு."

ராஜகோபாலன் யோசித்தார். "வாஸ்தவம். அமங்கலத்தை எடுத்துடலாம். ஆபத்து இருக்கட்டும்."

எடுத்தார்கள். பட்டாசுப் பக்கத்தில் பையனின் கையில் இருந்த கொப்புளம் போயிற்று. கையில் வெடியோடு சிரிக்கிற பையன் நின்றான். மாமரத்தடியில் விழுந்து கிடந்தவன் போய், உச்சாணிக் கிளையில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பவன் வந்தான். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்று பட்டம் விடுகிறவனுக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். ரயில் ஜன்னலில் தலையை நீட்டினவனுக்கு எதிரே இருந்த கம்பம் நீக்கப்பட்டது. "மேற்படி சிறுவன் மேற்படி ஜன்னல் வழியே இயற்கைக் காட்சிகளைக் கண்ணுறுகிறான்" என்று அடியில் எழுதினார் ராஜகோபாலன்.

பின்னணியில் தெரிந்த மொட்டைக் கோபுரமும் தப்பவில்லை. "குழந்தைகள் புஸ்தகத்தில் மொட்டையா எதுவும் இருக்கப்படாது" என்று உத்தரவு. ராஜாக்கள் கட்டி முடிக்காமல் விட்டதை வேதவதி ஒரு மத்தியானத்தில் பென்சிலால் கட்டி முடித்துக் கலசமும் வைத்தாள். அதற்கெல்லாம் அவள் வாயே திறக்கவில்லை.

பதினோராம் பக்கத்துக்குத் திறந்தாள். அன்று வரது கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில், நிலைப்படியில் நின்றான். இரண்டு பக்கமும் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் அவன் வழியாகத்தான் போக வேண்டும்.

"சுழலை எடுத்துடச் சொல்லு, வரது."

"வேதா, சுழலை எடுத்துடணுமாம்."

"சுழலை எடுத்துட்டா அது வெறும் படித்துறை. எதுக்காகப் புஸ்தகம்னு கேளுங்கோ."

"அண்ணா, எதுக்காகப் புஸ்தகம்னு கேக்கறா."

கூடத்தில் மூக்குப்பொடி போடுகிற சத்தம் கேட்டது. "முழுகற குழந்தையை யார் பார்ப்பா? மனசு கலங்காதோ?"

"கலங்கட்டும்" என்றாள் வேதவதி. வரது இதைத் திருப்பிச் சொல்லவில்லை. இருமினான்.

"அந்தக் கை யாரோடது?" என்று, அன்று வந்திருந்த செண்பகவல்லி உள்ளேயிருந்து கேட்டாள். அவளுக்கு நிலைப்படி மரியாதை தேவையில்லை.

"மாரியாயியோடது, அக்கா."

"நன்னாயிருக்கு. முகப்பிலே பெருமாள், பதினோராம் பக்கத்திலே வண்ணாத்தியா? நம்மாத்துப் பேரிலே வர புஸ்தகம், வேதா. சித்தே யோசி."

யோசித்தவர்கள் மற்றவர்கள். கை போயிற்று. குழந்தை போயிற்று. சுழல் இருந்த இடம் காலியாக இருந்ததால், "அழகுக்கு ஒரு தாமரை போடச் சொல்லு" என்றார் ராஜகோபாலன்.

"காவேரியிலே ஏது தாமரைன்னு கேளுங்கோ" என்றாள் வேதவதி. வரது கேட்டான்.

"கோபுரத்துக்குக் கலசம் வைக்கலையா? அது மாதிரி" என்று பதில் வந்தது.

பங்குனி பிறந்ததும் பாலக்கரையிலிருந்து ப்ரூஃப் வந்தது. அங்கே அச்சுக்கூடம் வைத்திருந்த இன்னாசிராஜ் மரக்கட்டையில் கோடு செதுக்கிக் கறுப்பு மசியில் அடித்துக் கொடுப்பார். வர்ணம் தீட்டுவது வீட்டில் பெண்கள் பொறுப்பு. ப்ரூஃபைப் பாமாவிடமும் அவளோடு விளையாட வந்த இரண்டு பெண்களிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் ரொம்ப சந்தோஷப்பட்டார்கள். லீவுக்கு என்னென்ன செய்யலாம் என்று பெரியவர்களே படம் போட்டுக் கொடுத்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

"அம்மா, இது நம்ம படித்துறைதானே?" என்றாள் பாமா. "அன்னிக்கு நான் தாமரையைப் பார்க்கவே இல்லையே."

வேதவதி பதில் சொல்வதற்குள் பால் பொங்கிற்று. அடுப்பைப் பார்த்து, தளிகையையும் முடித்துவிட்டுத் திரும்பினால் கூடத்தில் ப்ரூஃப் மட்டும் விரிந்து கிடந்தது, பதினோராம் பக்கத்தில்.

அவள் வாசலுக்கும் கொல்லைக்குமாக ஓடி முடிப்பதற்குள், கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு மாரியாயி வந்தாள். வலது கையில் பாமாவின் காது. மற்ற இரண்டு பெண்களும் தாங்களாகவே பின்னால் வந்தார்கள்.

"ரெண்டாம் படியில நிக்குதுங்கம்மா. தண்ணி முழங்காலுக்குத்தான் ஓடுது, ஆனா அந்தப் பள்ளம் எங்கேயும் போயிடலீங்களே. என்ன புள்ளன்னு கேட்டா, தாமரை பறிக்க வந்தோம்னு சொல்லுது. எந்த மடையன் சொன்னான் அங்க தாமரை இருக்குன்னு?"

வேதவதி பாமாவைப் பிடித்த பிடியை விடவில்லை. மாரியாயியின் கேள்விக்குக் கூடத்திலிருந்து பதில் வந்தது.

"பார்த்தியா தூணே, படம் எப்படிப் பதிஞ்சிருக்கு குழந்தைகள் மனசிலே" என்றார் ராஜகோபாலன், உண்மையிலேயே பெருமையோடு. "முந்நூறு பிரதி போடச் சொல்லிடலாம்."

முந்நூறு குழந்தைகள். வேதவதி அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரத்தில் தைக்காத தாள்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. வீட்டில் பெண்கள் புழங்குகிற இரண்டாம் கட்டிலே பாய் விரித்து வேதவதி உட்கார்ந்தாள். செண்பகவல்லி ஒத்தாசைக்கு வந்து, முகப்புப் பெருமாள் குடைக்கு மட்டும் மஞ்சள் தீட்டிவிட்டு, இடுப்பு பிடித்துக்கொண்டது என்று புறப்பட்டுவிட்டாள். ராஜகோபாலன் இரண்டாம் கட்டுக்கு வரமாட்டார். ஃபைலில் கோடு சுற்றி வந்தது, எழுத்துச் சுற்றி வந்தது, எல்லாவற்றுக்கும் "பார்த்தேன்" விழுந்தது. வர்ணத்துக்கு யாரிடமாவது கையெழுத்து வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவள் தாமரையை அழிக்கவில்லை. அழிக்கவும் முடியாது, அச்சில் இருந்தது. அதன் இதழ்களைச் சுற்றி நீலத்தை வைத்தாள், நீலத்தைச் சுற்றிக் கருநீலம், வட்டத்துக்குள் வட்டம். இதழ்கள் அப்படியே நுரையாகி உள்ளே இழுபட்டுப் போயின. நடுவில் ஒரு சின்ன நெற்றி, ஒரு பின்னல். மேலேயிருந்து நீண்ட ஒரு கறுத்த கை, மூன்று பச்சைக் கண்ணாடி வளையல். மூன்றாவது படிக்குப் பாசிப்பச்சை. முதல் நாள் நாலு படம் முடிந்தது. அப்புறம் கை பழகிவிட்டது. மற்றப் பக்கங்களை ஒவ்வொரு தீற்றலோடு விட்டுவிட்டு, பதினெட்டு நாளில் முந்நூறையும் முடித்தாள்.

தாள்களை எடுத்துப்போக வந்த இன்னாசிராஜ் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ப்ரூஃப்ல இல்லீங்களே, அம்மா."

"ப்ரூஃப்லே வர்ணமே கிடையாதே" என்றாள் வேதவதி.

அவர், "தையல் மட்டும்தான் நம்ம வேலை" என்று கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

புத்தகம் தைத்து வந்ததும் ராஜகோபாலன் தன்னுடைய முன்னுரையை நாலு தடவை படித்து மூன்று அச்சுப் பிழை கண்டுபிடித்தார். செண்பகவல்லி, உதவினவர்கள் என்று தன் பெயர் போட்டிருந்த பக்கத்தைப் பார்த்தாள். வரது அட்டையைப் பார்த்து "பார்த்தேன்" என்றான்.

கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் மூடுகிற நாளில், பக்கத்துப் பெண்கள் பள்ளியில் வெளியீடு. ஓட்டுக் கொட்டகையில் குழந்தைகள் வரிசையாகத் தரையில். பெண்மணிகள் ஒரு ஓரம், வேதவதி உள்பட. வரதுவுக்குப் பொன்மலையில் லீவு கிடைக்கவில்லை. ராஜகோபாலன் முன்னுரையை முக்கால் மணி நேரம் படித்தார். குழந்தைகள் முன்னுரையை எப்போதும் எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துவிட்டுப் படங்களைப் புரட்டினார்கள். மாமரத்தில் சிரித்தார்கள், ரயிலில் சிரித்தார்கள். அப்புறம் வரிசை வரிசையாகச் சத்தம் அடங்கிற்று. முன்னுரைக்காகத்தான் அடங்குகிறது என்று நினைத்து அவர் குரலை உயர்த்தினார்.

முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், இது யார் கை?"

"எது?" என்று வாங்கிப் பார்த்தார். அந்தப் புத்தகத்தில் தான் எழுதாத ஒன்றை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பாமாவின் நெற்றி அவருக்குத் தெரியாததல்ல.

"யார் கை, சார்?" என்றாள் அந்தப் பெண்.

ராஜகோபாலன் பழக்கத்தில் தூணைத் தேடினார். கொட்டகையில் நாலு சுவர்தான் இருந்தது, தூண் கிடையாது. வரதுவும் இல்லை. கேட்கிறவள் உட்காருவதாகவும் இல்லை. கடைசியில் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"வேதவதி, இது யாரோட கை?"

பதினாலு வருஷத்தில் அவர் அவளைக் கேட்ட முதல் கேள்வி. கொட்டகையில் இருந்த அத்தனை மாமிகளும் பதில் சொல்லாமல் அவள் தலையைக் குனிந்துகொள்வாள் என்றுதான் எதிர்பார்த்தார்கள்.

"மாரியாயி கை" என்றாள் அவள். "மூணாவது படிக்குக் கீழே பள்ளம். அங்கே இறங்கினா இப்படித்தான் ஆகும். பாமாவுக்கு ஆச்சு."

செண்பகவல்லி காதைப் பொத்திக்கொண்டாள். ராஜகோபாலன் குழந்தைகள் பக்கம் திரும்பி, முப்பது வருஷத்து ஆபீஸ் குரலில், "மேற்படி கை, மேற்படி படித்துறையில் துணி துவைக்கும் மாரியாயி என்பவருடையது" என்று வாசித்தார். முன்னுரையில் மீதி இருந்த நாலு பக்கத்தைப் படிக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்குள் இருந்த ஹெட் கிளார்க் திரும்பி வந்துவிட்டார். மீந்த பிரதிகளில் ஒட்டுவதற்குப் பிழைத்திருத்தச் சீட்டு அடிக்கச் சொன்னார்: "பதினோராம் பக்கத்தில் காணும் கையைப் பெருமாளுடையது என்று கொள்க." பெருமாள் எதற்குக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டார் என்று பாமா கேட்டாள். அதற்கு இன்னொரு சீட்டு அடிக்க அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. ஒட்டாத சீட்டுக்கட்டு தூணுக்குப் பின்னால் ரொம்ப நாள் கிடந்தது. ஆனால் மோர் வேண்டுமானால் அவர் மறுபடி தூணிடம்தான் கேட்டார்.

அந்த வருஷம் ஆடியில் தண்ணீர் வந்தபோது, "பதினோராம் பக்கத்துக்குக் கீழே போகாதேடி" என்று குழந்தைகள் ஒன்றுக்கொன்று கத்திக்கொண்டிருந்ததை வேதவதி தன் காதால் கேட்டாள். அன்றைக்கு ஒரு பிரதியைக் கொண்டுபோய்த் துவைக்கிற கல்லில் வைத்து மாரியாயிக்குப் பிரித்துக் காட்டினாள்.

மாரியாயி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "சுழி சரிதாம்மா. வளையலும் சரி. ஆனா கை தப்பு."

"என்ன தப்பு?"

"நான் இடது கையாலதான் இழுத்தேன். சோத்துக் கையில உங்க வீட்டு வேட்டி இல்ல இருந்துச்சு. அத விட்டிருந்தா ஆத்தோட போயிருக்கும், அப்புறம் யாரு உங்ககிட்ட பேச்சு வாங்குறது?"

வேதவதி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த பதினாலு பிரதிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, கட்டை விரலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி, வலது கையை இடது கையாக்கித் தீட்டினாள். அந்தப் புத்தகத்துக்கு எத்தனையோ பேர் எத்தனையோ திருத்தம் சொன்னார்கள். அவள் மனசார ஒப்புக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.