காடு என்ற ஒரு சொல்லைத் திருத்த மாண்ட்ரியல் வரை

கடந்த மே மாதம் நான் மாண்ட்ரியல் போனது ஊர் பார்க்க அல்ல, நானே செய்த ஒரு தப்பைத் திருத்த. முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள், ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை மொழிபெயர்க்கத் தெரியாமல் மாட்டிக்கொண்ட கதை இது. என்னைப் போல் பஞ்சாயத்தின் பல்லுயிர்க் குழுவில் இருந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ரயில், மெட்ரோ விவரங்கள் உண்டு, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் விஷயம். சத்தியமங்கலம் மலையில் எங்கள் பஞ்சாயத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் பெண்கள் சிறுகுறிஞ்சான் இலை பறிக்கிறார்கள். அதை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பே தெரியாது. அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் கசப்பு மட்டும் குறையும் என்பது அவர்களின் கைப்பக்குவம். அதே இலையை அதே பக்குவத்தில் வாங்கி, இனிப்பு ஆசையை அடக்கும் மிட்டாய் செய்து விற்க மாண்ட்ரியலில் ஒரு நிறுவனம் தயாரானது. பெயர் வேண்டாம், இப்போது சிநேகிதமாகிவிட்டார்கள். சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னால், இலை காட்டில் தானாக விளைந்தது என்றால் வருகிற பலனில் ஊருக்குப் பங்கு உண்டு. நட்டு வளர்த்தது என்றால் இல்லை.

இலை பறிக்கும் மாதம்மாவின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியது நான். "எங்க காட்டுல பறிக்கிறது" என்று அவர் சொன்னார். நான் 'எங்கள் ஃபார்மில்' என்று எழுதினேன். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சமவெளியில் எங்களுக்குக் காடு என்றால் சோளமும் கடலையும் விதைக்கிற நிலம். அப்பா "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் களை எடுக்கப் போகிறார் என்று அர்த்தம். மரம் அடர்ந்த இடத்துக்கு எங்கள் வாயில் மலை என்றுதான் வரும். மாதம்மா மலைக்காரர், அவருக்குக் காடு என்றால் யானை நடமாடும் காடு. இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

நிறுவனம் பதில் எழுதியது: உங்கள் வாக்கிலேயே இது பயிரிட்ட இலை, எனவே பங்குக்கு இடமில்லை. நான் திருத்தம் அனுப்பினேன். அவர்கள் நம்பவில்லை. கடைசியில், காகிதங்களை முடிப்பதற்கு முன் நேரில் வந்தால் ஒரு மணி நேரம் தருவதாகச் சொன்னார்கள். அந்தச் சமயம் பார்த்து என் அக்கா மகனுக்கு டொராண்டோவில் கல்யாணம். இரண்டு வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த எனக்கு அது தெய்வம் போட்ட முடிச்சாகத் தோன்றியது.

கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை காலை 8.40க்கு டொராண்டோவில் ரயில் ஏறினேன். மாண்ட்ரியல் சுமார் 540 கிலோமீட்டர், ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. எனக்கு டிக்கெட் 84 டாலர். முன்கூட்டியே எடுத்திருந்தால் குறைந்திருக்கும். நகரின் மேற்குப் பக்கம் தங்குகிறவர்கள் கடைசி நிலையம் வரை போகாமல் டோர்வாலில் இறங்கிவிடுங்கள். அங்கே மணமகளின் சித்தி வதனி காரோடு நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், மருத்துவமனைகளிலும் நீதிமன்றங்களிலும் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். ரொக்ஸ்பரோவில் அவர் வீட்டுக்கு இருபது நிமிடம்.

"வாங்கோ ரீச்சர், களைச்சுப்போனியளோ? முதல்ல சாப்பிடுங்கோ, பேந்து கதைப்பம்" என்றார். புட்டும், பச்சை நிறத்தில் துவையல் மாதிரி ஒரு சம்பலும் வைத்தார். வாயில் போட்டதும் தெரிந்துவிட்டது. உலகத்தின் மறுமுனையில், வந்து இறங்கிய மத்தியானமே, சிறுகுறிஞ்சான்.

"இது குறிஞ்சாச் சம்பல். தமிழ்க் கடையில உறைய வைச்சு வரும். உங்கட பக்கம் சாப்பிடிறதில்லையோ?"

பிறகு வந்த தேநீர் வெந்நீராக இருந்தது. சர்க்கரை மூன்று கரண்டி போட்டும் அப்படியே. என் முகம் போன போக்கைப் பார்த்து வதனி சிரித்தார். அப்போதுதான் என் கதையைச் சொல்லி, மாதம்மா சொன்ன வாக்கியத்தைத் தமிழிலேயே எழுதிக் காட்டினேன்.

"இதில என்ன பிரச்சினை? காடு எண்டால் காடுதானே."

எங்கள் ஊர் வழக்கைச் சொன்னேன். அவர் நம்ப மறுத்தார். "அப்ப உங்கட ஊரில காட்டுக்க போய்த்தான் கச்சான் பிடுங்குவியளோ?" என்றார். கச்சான் என்றால் நம் நிலக்கடலை. ஆமாம் என்றேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் பயம் விடவில்லை. நாளைக்கு நான் தோற்றால் அதைப் போய் மாதம்மாவிடம் சொல்ல வேண்டியதும் நான்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். வழியில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் முருகன் கோயில், பத்து நிமிடம் நின்றோம். அங்கிருந்து புவாண்ட்-கிளேரில் நிறுவனத்தின் கிடங்குக்குச் சரியாக 9.25. வரவேற்பில் "போன்ஜூர்" என்றார்கள். நானும் பதிலுக்கு ஒரு போன்ஜூர் வைத்தேன். அத்தோடு என் பிரெஞ்சு தீர்ந்தது.

மேலாளர் நடுத்தர வயதுப் பெண்மணி, மரியாதையானவர். பக்கத்தில் இளம் வழக்கறிஞர். அவர் சுற்றி வளைக்கவில்லை. "போன வருடம் பயிரிட்டது என்றீர்கள். பங்கு இல்லை என்றதும் காடு என்கிறீர்கள்" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். தப்பு என்னுடையது, மாதம்மாவுடையது அல்ல என்று சொன்னேன்.

வதனி தான் எனக்குச் சம்பந்தி வீட்டு உறவு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். வழக்கறிஞர் உடனே, அப்படியானால் உங்கள் விளக்கத்தை ஏற்க முடியாது என்றார். வதனி அசரவில்லை. என்னிடம் தமிழில், "அவர் சொல்லுறது சரிதான் ரீச்சர். இவையின்ர ஆளையே கேட்கச் சொல்லுவம்" என்றார். பிறகு பிரெஞ்சில் அவர்களிடம், உங்களிடம் தமிழ் தெரிந்தவர் யாராவது வேலை செய்கிறார்களா என்று கேட்டார்.

பொதி கட்டும் பகுதியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டார்கள். பெயர் யோகன், ஐம்பது வயதிருக்கும், கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். என்னையும் தெரியாது, எதற்கு அழைத்தார்கள் என்றும் தெரியாது. பதிவை மேசையில் வைத்து ஓடவிட்டோம். 'காட்டுல பறிக்கிறது' வந்ததும் நிறுத்தி, அது எந்த மாதிரி இடம் என்று வழக்கறிஞர் கேட்டார். யோகன் எங்களைப் பார்த்துத் தமிழில்தான் பதில் சொன்னார். வதனி பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, சரிதான் என்று தலையசைத்தார்.

"காடு எண்டால் காடு. மரம், கரடி, யானை. தோட்டம் எண்டால் தோட்டம் எண்டெல்லோ சொல்லுவினம். மிச்சத்தையும் போடுங்கோ, அவ இன்னும் கதைக்கிறா."

மிச்சத்தைப் போட்டோம். வெறும் பேச்சு என்று நான் மொழிபெயர்க்காமல் விட்ட பகுதி அது. மாதம்மாவின் குரல் அந்த அறையில் கேட்டது: "இத யாரும் நட்டதில்ல. யானை போன தடத்துல போயி பறிப்போம். காய் விட்ட கொடில கை வெக்க மாட்டோம். அது விதை போட்டாத்தான அடுத்த வருசம் எல." யோகன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டு, அதை அவரே அவர்களுக்குப் பிரெஞ்சில் சொன்னார். மாதம்மாவின் பேச்சு தமிழிலேயே நின்றுவிடாமல் அந்த மேசையின் மறுபக்கம் போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

வழக்கறிஞர் பேனாவை மூடி வைத்தார். காய் விட்ட கொடியைத் தொடக்கூடாது என்பது இதுவரை எங்களுக்கு யாரும் சொல்லாத செய்தி என்றார் மேலாளர். பதினோரு மணிக்குள் எல்லாம் முடிந்தது. இலை காட்டு இலை. ஒப்பந்தத்தில் ஊரின் பெயர் வரும். பங்கு ஊர்க் குழுவுக்கு வரும். காய் விட்ட கொடியில் பறித்த இலையை வாங்கமாட்டோம் என்று ஒரு வரியும் சேரும், அது நான் கேட்காமல் அவர்களே சேர்த்தது. வெளியே வந்து கார்க் கதவைச் சாத்தியதும் நானும் வதனியும் கையைத் தட்டிக்கொண்டோம். அறுபது வயதுக்கு மேல் அப்படி ஒரு கைதட்டல் எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

மத்தியானம் வதனி என்னை கோட்-வெர்ட்யூ மெட்ரோவில் இறக்கிவிட்டார். டிக்கெட் 3.75 டாலர், பிளாஸ்-டார்ம் வரை அரை மணி நேரம் கூட இல்லை. உயிர்வளத்தின் பலனை நியாயமாகப் பங்கிட வேண்டும் என்கிற உலக ஒப்பந்தத்தின் அலுவலகம் அந்தப் பக்கம்தான். வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன். காவலாளி என்ன விசேஷம் என்பது போல் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்று தமிழில் சொன்னேன். அவரும் மரியாதைக்குத் தலையாட்டினார்.

போகிறவர்களுக்கு: மே மாதத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். இலையை மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள், விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள், நம் சட்டமும் சும்மா விடாது. பதிவை முழுசாகக் கொண்டுபோங்கள். அது வெறும் பேச்சு என்று நீங்கள் நினைத்து எதையும் வெட்டாதீர்கள். ரொக்ஸ்பரோ பக்கம் கார் இல்லாமல் சிரமம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஊரில் மாலை நாலரை, மாதம்மாவுக்குப் போன் போட்டேன். ரயில், கிடங்கு, வழக்கறிஞர், யோகன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சந்தோஷம் என்றார். பிறகு கேட்டார்:

"ஏன் டீச்சர், காடுன்னா என்னன்னு கேக்கறதுக்கா அத்தனை தூரம் போனீங்க? எழுதறப்பவே எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"