செத்த மூக்கும் கலவை அறையும்

வரிசை போட்டுக்கொண்டால்தான் எனக்கு எழுத வரும். சரியான வரிசையா என்றும் தெரியவில்லை.

1. மூக்கு எப்படி அடைத்தது.
2. ஆளாளுக்குச் சொன்ன வைத்தியம்.
3. கலவை அறையில் நடந்தது.
4. மூக்கு செத்ததை ஒருவருக்கும் தெரியாமல் மறைத்தது.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் கெமிஸ்டாக இருந்தேன். காலையில் கலவை அறைக்குள் நுழைந்ததும் கந்தக நெடி தொண்டை வரை இறங்கும்... ஒரு சீசனில் அது நின்றுபோனது. குனிந்தால் நெற்றி கனத்தது. வாயால்தான் மூச்சு.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. நொச்சி ஆவி, தும்பைச் சாறு... "பொடி போடுங்க சார், அடைப்பு தெறிச்சிரும்!" போட்டேன். தும்மல்தான் தெறித்தது. சளிதானே என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! சளி வருஷக்கணக்கில் இருக்குமா?

வாடை தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடும். வெடியுப்பும் அலுமினியப் பவுடரும் கலந்ததில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் சூடேறும். புகைக்கு முன்பே மூத்திர வாடை வரும். அதை மோந்து சொல்வது என் பொறுப்பு.

ஒரு மழைக்காலக் காலை. கலவைக்காரி முத்துப்பேச்சி கலவைத் தட்டைக் காட்டினாள். "சார், வாடை அடிக்குதே... மோந்து பாருங்க."

குனிந்து மோந்தேன். ஒன்றுமே இல்லை. "ஒண்ணுமில்லம்மா, வேலையைப் பாருங்க."

அவள் என்னோடு வாதாடவில்லை. "ஏத்தா, எந்திரிங்க! வெளிய ஓடுங்க!" உடனிருந்த இரண்டு பெண்களைத் தள்ளிக்கொண்டு, என் சட்டையையும் பிடித்து இழுத்தாள். வேப்பமரத்தைத் தாண்டும்போது பின்னால் அறை பற்றிக்கொண்டது. ஒருவருக்கும் காயமில்லை.

முதலாளி ஓடி வந்தார். "நல்ல வேளை, நேரத்துல மோந்து கண்டுபிடிச்சீக சார்!"

முத்துப்பேச்சி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பயந்துபயந்தே ரிட்டையர் ஆகி, அப்புறம்தான் டாக்டரிடம் போனேன். ஸ்கேன் படத்தைக் காட்டினார். மூக்கின் நடுத்தண்டு ஒருபக்கம் வளைந்திருந்தது. கன்னத்துக்கும் நெற்றிக்கும் உள்ளே காற்று அறைகள், அவற்றுக்குச் சின்னச் சின்ன வாசல்கள். திராட்சை போன்ற சதை வளர்ந்து வாசல்களை அடைத்திருந்தது. மூக்கின் உள்ளே வாசனை அறியும் மேற்பகுதிக்குக் காற்றே போகவில்லையாம். கலவை அறை வாசலில் பெட்டி வைக்காதே என்று தினமும் கத்தியவன் நான்!

இப்போது ஆபரேஷன் முடிந்து, பக்கத்து வீட்டில் கடுகு தாளிப்பது கூடத் தெரிகிறது. மோந்து சொல்ல வேண்டிய தட்டுதான் எதிரில் இல்லை.

போன வாரம் விருதுநகரில் அதே டாக்டரின் வரவேற்பறையில் முத்துப்பேச்சி. அவளுக்கும் சைனஸ் தலைவலி. இத்தனை வருஷம் கழித்து மெல்லச் சொன்னேன், "அன்னைக்கு எனக்கு வாடை தெரியலம்மா..."

சிரித்துவிட்டாள். "அதுக்கும் முந்தியே தெரியும் சார். ஊசிப்போன சாம்பாரை ருசிச்சுத் தின்னீகளே! அம்புட்டுப் பேரும் பாத்தோம்."

"அப்புறம் ஏன் மோந்து பாருங்கன்னு சொன்னே?"

"அப்பவாவது வாயைத் தொறந்து சொல்லுவீகன்னுதான். அதுக்கப்புறம் நீங்க ரிட்டையர் ஆகுறவரைக்கும், நீங்க வர்றதுக்கு முன்னாடியே தட்டுத் தட்டா நாங்க மோந்து வச்சிருவோம்."

நர்ஸ் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட, எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான்காவது குறிப்பு தப்பு. அடித்துவிடுங்கள்.