ஸ்க்ரம் சரிந்த பின்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துப் பலாலியில் விமானத்தளம் அமைத்தபோது எனக்கு அங்கே ஸ்டோர்ஸில் கிளாக்கர் வேலை கிடைத்தது. கொக்குவிலிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். றக்பி என்ற விளையாட்டை அங்கேதான் முதன்முதலாகக் கண்டேன். முட்டை மாதிரியான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஓடுகிறவனை மற்றவர்கள் கட்டிப்பிடித்து விழுத்துவார்கள். உதைபந்து ஆடி வளர்ந்த எங்களுக்கு அது அடிபிடி போலத்தான் தெரிந்தது.

ஸ்டோர்ஸுக்குப் பொறுப்பான வெள்ளைக்கார அதிகாரிக்கு அந்த விளையாட்டில் பைத்தியம். நாலு அணிகளை வைத்து ஒரு சின்னப் போட்டி நடத்த அவர் ஏற்பாடு செய்தார். இங்கிலாந்து விமானப்படையினர், இந்தியச் சிப்பாய்கள், கிழக்கு ஆபிரிக்கச் சிப்பாய்கள், தளத்தில் வேலை செய்த இலங்கையரான நாங்கள். நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு இடமில்லை, புதிதாகப் பழகுகிறவர்கள் மட்டுமே ஆடலாம் என்பது அவருடைய விதி. இரண்டு மாதம் பின்னேரங்களில் எங்களைப் பழக்கினார்.

கழுத்தும் தோளும் தடித்தவன் என்பதால் என்னை ஸ்க்ரமின் முன் வரிசையில் விட்டார். ஸ்க்ரம் என்றால், இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் கொளுவி, எதிரணியை நெட்டித் தள்ளுவது. பந்து நடுவில் உருண்டு வரும். முன் வரிசையில் மூன்று பேர். எனக்குப் பக்கத்தில், நடுவில் நின்றவர் நீர்வேலிக்காரர். ஸ்டோர்ஸில் மூட்டை அடுக்குகிறவர், என் வயதுதான். அவருடைய இரண்டு கைகளும் எங்கள் இருவர் தோளிலும் கிடக்கும். கால்களால் பந்தைப் பின்னுக்குத் தட்டுவது அவர் வேலை. அதிகாரி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான். என்ன நடந்தாலும் ஸ்க்ரமை வேண்டுமென்று விழுத்தக்கூடாது. விழுத்தினால் யாரோ ஒருவனுடைய கழுத்து முறியும்.

முதல் ஆட்டமே எங்களுக்கும் விமானப்படையினருக்கும். செம்மண் தரை காய்ந்து கல்லாய்க் கிடந்தது. முழங்காலில் தோல் இல்லாமல்தான் எல்லோரும் ஆடினோம். யாரும் நினைக்காத விதமாக நாங்கள் ஆறுக்கு மூன்று என்று முன்னுக்கு நின்றோம். முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது, எங்கள் கோட்டிலிருந்து நாலைந்து அடி தள்ளி ஸ்க்ரம் போட வேண்டி வந்தது. அவர்கள் கோட்டைக் கடந்து பந்தை வைத்தால் சமம். அதன் பிறகு கம்பத்துக்கு மேலால் உதைத்தால் வெற்றி அவர்களுக்கு.

பந்து உள்ளே வந்தது. அவர்கள் தள்ளினார்கள். என் குதிகள் மண்ணைக் கீறிக்கொண்டு பின்னுக்குப் போயின. இன்னும் ஒரு தள்ளுத்தான் இருந்தது. என் முன்னால் குனிந்திருந்தவன் ஒரு செம்பட்டைத் தலைக்காரன். அவனுடைய தலை எனக்கும் நீர்வேலிக்காரருக்கும் நடுவில் இருந்தது. அவனுடைய சட்டையைப் பிடித்திருந்த கையால் பலமாய்க் கீழே இழுத்தேன். தவறி நடந்ததல்ல. விழுந்தால் விசில் ஊதுவார்கள், நேரம் போய்விடும் என்று நினைத்தே இழுத்தேன்.

எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராய் விழுந்தோம். ஒவ்வொருவராக எழும்பியபோது அவன் மட்டும் எழும்பவில்லை. கண் திறந்திருந்தது. கையையும் காலையும் உணர முடியவில்லை என்று மெல்லச் சொன்னான்.

அவனுடைய தோழர்கள் தூக்கப் பாய்ந்தார்கள். எங்கள் அணியில் ஆடிய, தள ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி குறுக்கே போய் நின்று, ஒருவரும் தொடக்கூடாது, தலையைத் திருப்பவும் கூடாது என்று ஆங்கிலத்தில் அதட்டினார். ஒரு கதவைக் கழற்றி வந்து, அதில் அவனை அசையாமல் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நானும் ஒரு மூலையைப் பிடித்தேன்.

விறாந்தையில் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம், நானும் நீர்வேலிக்காரரும். எதிரே முற்றத்தில் விமானப்படையினர் கூட்டமாய் நின்றார்கள். அவர்கள் எங்களைப் பார்த்தபோதெல்லாம் நான் தரையைப் பார்த்தேன். நீர்வேலிக்காரர் தலையைக் கையில் தாங்கியபடி இருந்தார்.

"என்ரை கால்தான் வழுக்கினது," என்றார். "பாரம் முழுக்க அவன்ரை கழுத்திலை போட்டிட்டன்."

நான் பேசவில்லை. அவர் கொஞ்சநேரம் கழித்துத் தன் மனைவிக்கு இது எட்டாம் மாதம் என்றார். பிறகு, அவன் செத்தால் தன்னைத் தூக்கிலே போடுவார்களோ என்று கேட்டார். அதற்கும் நான் பேசவில்லை. சொன்னால் வேலை போகும், மறியலுக்குள் போடவும் கூடும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மணித்தியாலம் அப்படிப் போயிற்று.

பொழுது சாய்கிற நேரம் அதிகாரி உள்ளே இருந்து வந்து, பக்கத்து அறைக்குள் போனார். நீர்வேலிக்காரர் எழும்பிக் காற்சட்டை மண்ணைத் தட்டிவிட்டார்.

"போய்ச் சொல்லப் போறன். இனி இருக்கேலாது."

அவருடைய கையைப் பிடித்தேன். "நீர் போகவேண்டாம். உம்மடை கால் வழுக்கேல்லை. நான்தான் இழுத்து விழுத்தினனான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையை விடுவித்துக்கொண்டு, மறுபடி வாங்கில் இருந்தார்.

அதிகாரியிடம் சொல்ல எனக்கு ஆங்கிலம் தடுமாறியது. தெரிந்துகொண்டே செய்ததா என்று கேட்டார். ஓம் என்றேன். அதை எழுதி, என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். இனி எங்கள் அணி போட்டியில் இல்லை என்றார். அவன் இறந்தால் விஷயம் பொலிசுக்குப் போகும், அதுவரை வேலைக்கு வந்து போகலாம் என்றார். குரல் உயரவில்லை. அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் பிடித்துவிட்டது என்று அம்மா மல்லித் தண்ணீர் வைத்துத் தந்தார். வாங்கிக் குடித்தேன்.

விடிந்து தளத்துக்குப் போனபோது, அப்போதிக்கரி வாசலிலேயே காத்து நின்றார். "விரல் அசைஞ்சுது," என்றார். "வலக்கை மட்டும். இன்னும் ஒண்டும் நிச்சயமில்லை." சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

மூன்றாம் நாள் இடக்கையும் அசைந்தது. அன்றைக்கு அனுமதி கேட்டு அவனைப் பார்க்கப் போனேன். தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்திருந்ததால் அவனால் என் பக்கம் திரும்ப முடியாது. கட்டிலின்மேல் குனிந்து, அவன் கண்ணுக்கு நேரே நின்று, வேண்டுமென்றே இழுத்தது நான்தான் என்று சொன்னேன். இழுத்திராவிட்டால் தாங்கள் கோட்டைக் கடந்திருப்பார்களா என்று கேட்டான். கடந்திருப்பீர்கள் என்றேன். சரி, போ என்றான்.

அடுத்த கிழமை அவனைக் கொழும்புக்கு ரயிலேற்றினார்கள். சில மாதம் கழித்து, பொல்லு ஊன்றி நடக்கிறான் என்று அதிகாரி ஒரு கோப்பைப் பார்த்தபடியே சொன்னார். வேறு செய்தி எனக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்குப் பதிலாக இறுதி ஆட்டத்துக்குப் போன விமானப்படையினர் ஆபிரிக்கரிடம் தோற்றார்கள். நான் பார்க்கப் போகவில்லை.

எனக்கு வேலை போகவில்லை. ஆனால் நீர்வேலிக்காரர் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். மூட்டைக் கணக்கைக்கூட வேறு ஆளிடம் சொல்லி அனுப்புவார். அவருக்கு மகள் பிறந்த செய்தியையும் நான் மற்றவர்களிடம்தான் கேள்விப்பட்டேன். ஒருநாள் தனியாகக் கண்டபோது, மன்னிப்புக் கேட்டு, விழுத்தினது பெரிய பிழைதான் என்றேன்.

"விழுத்தினதை நான் பெரிசாய் எடுக்கேல்லை," என்றார். "ஆட்ட வெறியிலை மனிசன் என்னவும் செய்வான். அண்டைக்கு அந்த வாங்கிலை ஒரு மணித்தியாலம் எனக்குப் பக்கத்திலை இருந்தனீர். நான் தூக்குக் கயிறை நினைச்சுக்கொண்டு இருந்தனான். நீர் பார்த்துக்கொண்டு இருந்தனீர்."

அவர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். யுத்தம் முடிந்து தளத்தில் ஆட்களைக் குறைக்கும்வரை இருவரும் ஒரே கூரையின் கீழ்தான் வேலை செய்தோம்.