சுன்மேயின் சிவப்புப் பொட்டு

தாஜியா என்னும் எங்கள் ஊரில், சைக்கிள் சக்கரம் செய்யும் எங்கள் தொழிற்சாலைக்கு வரும் வெளிநாட்டு வியாபாரிகள் முதலில் பார்ப்பது முதலாளியை அல்ல, சுன்மேயின் போட்டோவைத்தான். வாசலில் நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தார்கள். கையில் ஒரு பந்தய சைக்கிள் சக்கரம், முகத்தில் என்னை மிஞ்ச எவள் இருக்கிறாள் என்கிற சிரிப்பு. திமிர் பிடித்தவள்தான், மறுக்கவில்லை. ஆனால் திமிருக்கு ஏற்ற சரக்கு கையில் இருந்தது. அடுத்த மேஜையில் இத்தனை காலம் வேலை பார்த்தவள் சொல்கிறேன்.

எங்களிடம் சக்கரத்தின் ஆரக்கம்பிகளைக் கோப்பதும் முறுக்குவதும் இயந்திரம். அது தள்ளிவிடும் சக்கரம் கண்ணுக்கு லட்சணமாக இருக்கும். சுழற்றிவிட்டால் குடிகாரன் மாதிரி தள்ளாடும். அதன் கோட்டத்தை எடுப்பது எங்கள் வேலை. இங்கே கால் திருகு, அங்கே அரைத் திருகு என்று பார்த்துப் பார்த்து நேராக்க வேண்டும். நாங்கள் ஒரு சக்கரத்தைக் கையிலெடுத்து யோசிப்பதற்குள் சுன்மேய் ஒன்றை முடித்து, காற்றுக் குழாய்க்கான துளையின் பக்கத்தில் தன் பொட்டை ஒட்டிவிடுவாள். யார் எடுத்த சக்கரம் என்று தெரிவதற்காக ஆளுக்கொரு நிறத்தில் ஒட்டுப் பொட்டு. அவளுடையது சிவப்பு. என்னுடையது பச்சை. எங்களுக்கு அடுத்து உட்காரும் வியட்நாம் பெண் தூயெட்டுக்கு ஆரஞ்சு.

கோட்டம் எடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. சக்கரத்தை மரக்கட்டை மேல் படுக்கப் போட்டு, விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும். திருகும்போது கம்பியும் கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அழுத்தினால் அந்த முறுக்கு டிங் டிங்கென்று விடும். சத்தம் அடங்கும்வரை அழுத்தி, மறுபடி ஒருமுறை கோட்டம் எடுத்தால் அந்தச் சக்கரம் வருஷக்கணக்கில் நேராக ஓடும். அழுத்தாமல் விட்டாலும், தாங்கியில் மாட்டிச் சுழற்றிக் கோட்டம் பார்க்கும் சோதனை முள் அசையாது, அதுதான் இதில் உள்ள வம்பு. வாங்கியவன் ஏறி மிதித்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத் தோள் பிடித்துக்கொள்வதை எங்கள் பக்கம் ஐம்பதுத் தோள் என்றே சொல்வார்கள். எனக்கு அது வந்தபோது சுன்மேய் என்னைப் படாதபாடு படுத்தினாள். "பாட்டி, தலைமுடியை நான் வாரிவிடட்டுமா?" என்று சாப்பாட்டு அறையில் அத்தனை பேர் முன்னால் கேட்பாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தேன். பிறகு அவளுக்கே அது வந்தது. அத்தனை கேலி செய்த வாயால் எனக்கும் தோள் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வாள்? சொல்லவில்லை. அழுத்துவதை நிறுத்திவிட்டாள். இயந்திர இரைச்சலில் அடுத்த மேஜையில் டிங் சத்தம் வருகிறதா இல்லையா என்று யார் காது கொடுத்துக் கேட்கப்போகிறார்கள்? ஒரு வேலை குறைந்ததால் அவள் முடிக்கும் சக்கரங்கள் இன்னும் கூடின. சபாஷ் என்றார்கள். அந்தச் சபாஷையும் வாங்கிக்கொண்டாள்.

இலையுதிர் காலத்தில் தொழிற்சாலைக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டும் நாள் வந்தது. எங்கள் கிட்டங்கியிலிருந்து எடுத்த புதுச் சக்கரங்களை மாட்டிய சைக்கிள்கள். முதலாளி கொடியை அசைத்தார், எல்லோரும் மிதித்தோம். பத்தடி போவதற்குள் முன்வரிசையில் டிங் என்றது. பின்னால் டிங் டிங். அது என்ன சத்தம் என்று வெளியாளுக்குத் தெரியாது. எங்களில் தெரியாதவர் ஒருவரும் இல்லை. அழுத்தாமல் விட்ட சக்கரம். சுன்மேயின் கணவர் வெற்றிலைப்பாக்கைக் குதப்பிக்கொண்டே, "என் பொண்டாட்டி பண்ணின வீல் பாட்டுல்ல பாடுது" என்று பெருமையாகக் கத்தினார். சேப்பங்கிழங்கு பயிரிடும் மனிதர், அவருக்கு என்ன தெரியும்? சுன்மேயின் முகத்தை நான் பார்த்தேன். நான் கேலிபட்டதற்கெல்லாம் சேர்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. கடலை எட்டுவதற்குள் பாதிச் சைக்கிள்களில் சக்கரம் கோணி, பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்துவிட்டது. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தோம். தள்ளும்போது குனிந்து பார்க்காதவர் யார்? எல்லாம் சிவப்புப் பொட்டு.

மறுநாள் காலை அணிவகுப்பில் எங்கள் பிரிவுத் தலைவர் லியாவ் பேசினார். கெட்டவர் இல்லை, கணக்குப் பார்க்கிறவர். சிவப்பு என்று சொன்னால் ஏற்றுமதிக்குக் கட்டி வைத்த பெட்டிகள் முழுவதையும் பிரிக்க வேண்டும், வாசலில் இருக்கும் போட்டோவையும் கழற்ற வேண்டும். அதனால் நேற்றுக் கோணிய சக்கரங்களில் இருந்தது ஆரஞ்சுப் பொட்டு என்றார். எங்கள் கண்களுக்கும் அந்த நிமிஷமே சிவப்பு ஆரஞ்சாகிவிட்டது.

தூயெட்டுக்கு அந்த மாதத்தோடு வேலை ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் விமானம் ஏறி ஊருக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பெண் முன்னால் வந்து, இடுப்பு வளைய வணங்கி மன்னிப்புக் கேட்டாள். வேறு ஒருவருக்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறாள் என்று நான் நினைத்தேன். அப்படி இல்லை. கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டிய அன்று குளிர்காய்ச்சலால் வராதவள் அவள். பொட்டுகளைப் பார்க்கவே இல்லை. தலைவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். சுன்மேய் தன் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மத்தியானம் நடந்ததுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது. பெட்டிச் சோற்றைத் திறக்கக்கூட இல்லாமல் தூயெட் ஒரு சக்கரத்தைக் கட்டை மேல் போட்டு, சுன்மேயைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் அழுத்துறது சரியா இருக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அழுத்தினாள். குறை சொல்ல ஒன்றுமில்லாத அழுத்தல். சரி என்று சொன்னால், கோணிய சக்கரங்கள் பிறகு யாருடையவை என்ற கேள்வி சுன்மேய் பக்கம் திரும்பும்.

"கொஞ்சம் பத்தலடி" என்றாள்.

அன்றிலிருந்து தூயெட் ஒவ்வொரு சக்கரத்தையும் இரண்டு தடவை, மூன்று தடவை அழுத்தினாள். நன்றாக முடித்ததைத் தளர்த்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். உள்ளங்கை கன்றிப்போயிற்று. முடிக்கிற சக்கரங்கள் பாதியாகக் குறைந்தன. அதைப் பார்த்த லியாவ், வேலை சரியில்லை என்று எழுத ஒரு காரணம் கிடைத்ததென்று நினைத்திருப்பார். சுன்மேய் எங்களோடு சாப்பிட வருவதில்லை. ஒருநாள் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததைக் கேட்டேன். கதவைத் தட்டவில்லை. என்ன சொல்வது? எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அணிவகுப்பில், தூயெட்டின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கில்லை என்று லியாவ் அறிவித்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சுன்மேய் வரிசையை விட்டு வெளியே போனாள். கட்டி வைத்திருந்த பெட்டி ஒன்றை இடது கையால் இழுத்து வந்து கிழித்தாள். உள்ளேயிருந்த சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுழற்றினாள். முள் ஆடவில்லை.

"சுன்மேய் அக்கா, முடிஞ்சுபோன விஷயம், விடுங்க" என்றார் லியாவ், மெதுவாக.

அவள் காதில் வாங்காமல் சக்கரத்தைக் கட்டை மேல் போட்டாள். வலது கை ஊன்ற வரவில்லை. இடது கையாலும் நெஞ்சாலும் சாய்ந்து அழுத்தினாள். இயந்திரங்கள் இன்னும் ஓட ஆரம்பிக்காத நேரம். டிங், டிங், டிங் என்று கூடம் முழுவதும் கேட்டது. திரும்பத் தாங்கியில் மாட்டிச் சுழற்றினாள். சக்கரம் அப்பட்டமாகக் கோணி ஓடியது.

"இதுல என்ன கலர் பொட்டு இருக்கு, சொல்லுங்க சார்."

லியாவின் பார்வை கட்டி வைத்த பெட்டிகள் பக்கம் போனது. சுன்மேயே சொன்னாள்.

"சிவப்பு. அன்னைக்கும் சிவப்புதான். தோள் வலிக்குதுன்னு சொல்ல வெட்கப்பட்டு, ரெண்டு மாசமா அழுத்தாமலே ஒட்டிக்கிட்டிருந்தேன். இந்தப் பொண்ணு கையில ஒரு குத்தமும் இல்ல."

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? பெட்டிகளைப் பிரித்தார்கள். தூயெட்டின் ஒப்பந்தத்தில் லியாவே கையெழுத்துப் போட்டார். சுன்மேய் தன் போட்டோவைத் தானே கழற்றிக் கொண்டுபோய், இனிமேல் பெட்டி கட்டும் பிரிவில் வேலை பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். போவதற்கு முன் தூயெட்டின் முன்னால் வந்து நின்றாள். தூயெட் திட்டுவாள், இல்லையென்றால் கட்டிக்கொள்வாள் என்று காத்திருந்தோம். அந்தப் பெண் இரண்டும் செய்யவில்லை.

"நீங்கதானே அக்கா பத்தலன்னு சொன்னீங்க. ஒரு வாரமா என் கையை நானே நம்பல."



இப்போது எங்கள் பிரிவில் தூயெட்டின் கைதான் முதல் கை. ஆனாலும் ஒரு சக்கரத்தை முடித்துப் பொட்டு ஒட்டியபின், தேவையே இல்லாமல் இன்னொரு தடவை சுழற்றி, சந்தேகத்தோடு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பெட்டியில் போடச் சக்கரம் எடுக்க வரும் சுன்மேய் அந்த ஒரு சுற்று ஓடி முடியும்வரை தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள்.